மீட்டர் கோலும் மனையடி சாஸ்திரமும்

நமது பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் என்று ஒரு பாடம் இருக்கின்றது. அதில் முதல் முதலாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுவது அளவுகளேயாகும். நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி என்றும், அவை பத்துப் பத்தாய்ப் பெருகினால் இன்ன பேர், பத்துப் பத்தாய்க் குறைந்தால் இன்ன பேர் என்றும் உபாத்தியாயர் சொல்லிக் கொடுக்கின்றார். பிள்ளைகளும் "கிலோ, ஹெக்டோ, டெக்கா, டெசி, சென்டி, மில்லி" என்று சகஸ்ரநாமம் ஒப்புவிப்பது போல் ஒப்புவித்து மார்க்கு வாங்கிக் கொள்ளுகின்றார்கள். அத்தோடு அந்த விஞ்ஞானம் முடிந்து போகின்றது.

ஆனால் அதே பிள்ளையின் தகப்பனார் கையிலிருக்கும் பட்டாவில், நிலத்தின் விஸ்தீரணம் "0 ஹெக்டேர் 40.50 ஏர்" என்று எழுதியிருக்கின்றது. அது எத்தனை ஏக்கர் என்று கேட்டால் தகப்பனாருக்கும் தெரிவதில்லை, மார்க்கு வாங்கின பிள்ளைக்கும் தெரிவதில்லை. 40 என்று கண்டதும் 40 சென்ட் என்று எண்ணி அவர் விற்கப் போனாரேயானால் அவர் கதி என்னவாகும்? ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். அது ஏறக்குறைய இரண்டரை சென்டாகும். ஆகவே 40.50 ஏர் என்பது முழுசாக ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். கணக்குத் தெரியாத ஒரே குற்றத்துக்காக 60 சென்ட் பூமியைப் பறிகொடுப்பவனைப் பார்த்து, "அவன் தலையெழுத்து" என்று சொல்லுவதுதான் நம் ஜனங்களின் வழக்கம். அது தலையெழுத்தல்ல, பட்டாவின் எழுத்தை வாசிக்கத் தெரியாமையே என்று நாம் சொல்லுகின்றோம்.

இது ஏதோ பள்ளிக்கூட விஷயம், நமது இயக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். அளவு யார் கையில் இருக்கின்றதோ அவன் கையில்தான் மற்றவன் வயிறு இருக்கின்றது என்பதே நமது பதில்.

நம் நாட்டில் பழைய அளவு எப்படி இருந்தது? எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடு இருந்தது வாஸ்தவம்தான். வாய்ப்பாடு ஒன்றாயிருந்தாலும் படி ஒன்றாயில்லை. ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு படி என்றிருந்தது. மணங்கு என்ற ஒரே பேரில் சென்னையில் 25 பவுண்டும் வங்காளத்தில் 82 பவுண்டுக்குச் சற்று அதிகமுமாக எடை வழங்கி வந்தது. அன்றியும், அளவுக்குக் கடவுள் பேரையும் அரசன் பேரையும் சூட்டினார்கள். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்று சாமி பேரால் ஒரு மரக்காலும், அதே பேரால் ஒரு எடைக்கல்லும் சொல்லப்படுகின்றன. அந்த மரக்கால் இராசகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் வெட்டியிருக்கின்றது. சாமி பேரை வைத்த மரக்காலை, உழுகின்றவன் வாயைத் திறந்து, "இது சரியா?" என்று கேட்க முடியுமா?

குத்தகை அளக்கும் பொழுது கும்பாரமாகவும், கூலி அளக்கும் பொழுது தலை தட்டியும் அளக்கின்ற வித்தையைக் கிராமத்துத் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் பெரும்பாலும் குழந்தைகளும் பெண்களுமாக 44 பேர் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டதற்கு மூல காரணமாயிருந்த தகராறு எது? கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கேட்டதேயல்லவா? படி என்பது வெறும் பாத்திரமல்ல என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

நிற்க, இந்த மீட்டர் என்பது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரான்சு தேசத்திலும் நம் நாட்டைப் போலவே பிரபுவுக்கு ஒரு படி, மடத்துக்கு ஒரு படி என்றிருந்தது. 1789ல் குடியானவர்கள் தங்கள் குறைகளை எழுதி அனுப்பிய பொழுது, எல்லோருக்கும் ஒரே எடையும் ஒரே அளவும் வேண்டும் என்று பல ஊர்களிலிருந்தும் கேட்டார்கள். புரட்சி நடந்தது. அதன் பிறகு, எந்த அரசனுடைய காலையும் கையையும் கொண்டு அளக்காமல், எல்லோருக்கும் பொதுவான பூமியைக் கொண்டே அளவு செய்வதென்று தீர்மானித்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையில் உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்றார்கள். தெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1792 முதல் ஏறக்குறைய ஏழு வருஷ காலம் டன்கர்க் முதல் பார்சிலோனா வரையில், யுத்தத்துக்கும் கலகத்துக்கும் நடுவில் அலைந்து அளந்தார்கள். 1795 ஏப்ரல் 7ல் மீட்டர் சட்டமாயிற்று. 1875 மே 20ல் 17 தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்து கொண்டன. நம் நாட்டில் 1956ல் சட்டம் செய்து, 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக அமுலுக்குக் கொண்டு வந்தார்கள்.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவ்வளவு பாடுபட்டுச் செய்த மீட்டரும் சுமார் 0.2 மில்லி மீட்டர் குறைவாகப் போய்விட்டது என்று பின்னால் தெரிய வந்தது. விஞ்ஞானிகள் அதை மூடி மறைத்தார்களா? "பெரியோர் சொன்னதில் பிழை காணாதே" என்றார்களா? இல்லை. பிழையைப் பிழையென்றே ஒப்புக் கொண்டார்கள். 1983ல் ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் செல்லுகின்றது என்பதையே மீட்டருக்கு ஆதாரமாக வைத்தார்கள்.

கிலோகிராமின் கதை இன்னும் வேடிக்கை. பாரிசுக்கு அருகில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஒரு உருளையை, கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்து மூடி, மூன்று சாவி போட்டுத் திறக்க வேண்டிய அறையில், மூலவிக்கிரகம் போல் வைத்திருந்தார்கள். 1889 முதல் அதுதான் உலகத்துக்குக் கிலோகிராம். அதனோடு செய்த பிரதிகளை நூறு வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒன்றுக்கொன்று சுமார் 50 மைக்ரோகிராம் வரையில் வித்தியாசம் காணப்பட்டது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு அற்ப வித்தியாசத்துக்காக, 2019 மே 20 முதல் அந்த உருளையைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு கிலோகிராமை நிர்ணயித்துக் கொண்டார்கள். யாருடைய மனமும் புண்படவில்லை. கும்பாபிஷேகமும் பரிகாரமும் செய்யவில்லை. இதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

இனி நம்மவர்கள் யோக்கியதையைப் பார்ப்போம். வீடு கட்டுகின்றவன் மனையடி சாஸ்திரக்காரனிடம் போகின்றான். அறை இத்தனை அடி இருந்தால் லட்சுமி வாசம், அதற்கு மேல் ஓரடி கூடினால் தரித்திரம், இன்னும் கூடினால் மரண பயம் என்று அவன் சொல்லுகின்றான். அளப்பது எதைக் கொண்டு? கடையில் வாங்கின வெள்ளைக்காரன் அடி போட்ட டேப்பைக் கொண்டு! அந்த அடிக்கோ 1959ல் ஆறு தேசங்கள் கூடி 0.3048 மீட்டர் என்று நிர்ணயம் செய்தன. லண்டனும் வாஷிங்டனும் பேசி முடிவு செய்த அடியில் நமது லட்சுமி வந்து உட்காருவது எப்படி என்று கேட்கின்றோம்.

பத்தடிச் சுவரை மீட்டரில் அளந்தால் 3.048 மீட்டர். சுவர் வளரவுமில்லை, குறையவுமில்லை. வெயிலும் காற்றும் வருவதில் மாறுதலில்லை. ஆனால் "பத்து" என்ற எண் போய்விட்டது; எண் போனவுடன் பலனும் போய்விட்டது. அளவு மாறினால் உண்மை மாறாது. அளவு மாறியதும் எது மறைந்து போகின்றதோ அது பொய். அலகு மாற்றம் என்று பிள்ளைகள் படிக்கின்ற இந்தக் கணக்கு, பொய்யை உரைத்துப் பார்ப்பதற்கு நல்ல உரைகல்லாகும்.

ஆனால் மாற்றுகின்ற பொழுது எச்சரிக்கை வேண்டும். 1983 ஜூலை 23ல் கனடாவில் ஒரு ஆகாய விமானத்துக்கு 22,300 கிலோ எண்ணெய் தேவையாயிருந்தது. எண்ணெயை ஊற்றுவது லிட்டர் கணக்கில். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 0.8 கிலோ. கணக்குப் போட்டவர்கள் பழைய வழக்கப்படி 1.77 என்ற எண்ணால் வகுத்துவிட்டார்கள். அது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண், கிலோ அல்ல. வேண்டியதில் பாதிக்கும் குறைவான எண்ணெயோடு விமானம் கிளம்பி, 41,000 அடி உயரத்தில் எண்ணெய் தீர்ந்து, இரண்டு இயந்திரமும் நின்று போயின. இயந்திரமில்லாமல் மிதக்கின்ற விமானத்தை ஓட்டிப் பழகிய மாலுமி, கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானத் தளத்தில் அதை இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். காப்பாற்றியது பயிற்சியே ஒழிய மந்திரமல்ல. எண்ணைப் பார்த்தார்கள், பக்கத்திலிருந்த அலகைப் பார்க்கவில்லை. அதுதான் விபத்துக்குக் காரணம்.

ஆனதினால் உபாத்தியாயத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், அளவைப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கையில் ஒரு மீட்டர் கயிற்றைக் கொடுங்கள். பத்து சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஒரு பெட்டியை அட்டையில் செய்யச் சொல்லி, உள்ளே மெழுகு பூசித் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். அது ஒரு லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். நீளமும் கொள்ளளவும் எடையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை அப்பொழுது பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துக் கொள்ளும். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர சென்டிமீட்டர்தான் என்று எண்ணும் பிள்ளையைத் தரையில் கட்டம் போட்டு எண்ணச் சொல்லுங்கள். 10,000 என்று அதுவே கண்டுபிடிக்கும். தானே கண்டுபிடித்ததை ஒருவன் ஒரு நாளும் மறக்கமாட்டான்.

கிராமத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, பட்டாவை எடுத்துக் கொடுத்து, ஏரைச் சென்டாக்கிச் சொல்லு என்று கேளுங்கள். கடைத் தராசின் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்துப் புட்டியில் 5 மில்லி லிட்டர் என்றிருந்தால், கையில் அகப்பட்ட கரண்டியால் ஊற்றாமல், மருந்தோடு வருகின்ற அளவுக் கிண்ணத்தால் ஊற்றச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக் கொள்ளுங்கள். அடுப்பங்கரைப் படி அவர்கள் கையில்தானே இருக்கின்றது!

கடவுள் அளந்தான், விதி அளந்தான் என்று கேட்டுக் கேட்டு, பிறர் அளந்ததை வாங்கிக் கொண்டு கும்பிட்டு நின்ற காலம் போதும். நமக்கு உரியதை நாமே அளந்து பார்த்து வாங்குவோமாக. தன் பங்கைத் தானே அளக்கத் தெரிந்தவனை ஏமாற்ற சாமி பேராலும் முடியாது, சாஸ்திரத்தின் பேராலும் முடியாது.