விழாத போனுக்கு விழுந்த பழி

திருகோணமலை என்.சி. வீதியிலோ மத்திய வீதியிலோ ஏதாவதொரு கைத்தொலைபேசிக் கடைக்குப் போய், திரையில் கோடு விழுந்த போன் ஒன்றை நீட்டிப் பாருங்கள். "எங்க விழுத்தினீங்க?" என்பதுதான் முதற்கேள்வி. விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை. "விழவேயில்லை" என்றால், "அப்ப கடல் காத்தாத்தான் இருக்கும்" என்பார்கள். கடற்கரைப் பக்கமே போகாத வங்கி உத்தியோகத்தராக இருந்தால், "பொக்கெற்றில வச்சுக்கொண்டு இருந்திருப்பீங்க" என்று முடியும். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே தீர்ப்பு: "உனக்கு ஒரு சாமானைப் பக்குவமா வச்சிருக்கத் தெரியாது."

திரை கெட்டால் பிழை வைத்திருந்தவர் மேல். படித்தவர், படிக்காதவர், விற்பவர், வாங்குபவர் என்று எல்லோரும் இதை நம்புகிறோம். போன்கள் விழுவதில்லை என்று நான் வாதாட வரவில்லை, நாளாந்தம் விழுகின்றன. ஆனால் எந்த விசாரணையும் இல்லாமல் ஒரே தீர்ப்பை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். அந்தத் தீர்ப்பினால் ஆதாயம் அடைபவர் ஒருவர்தான்: போனைச் செய்தவர்.

கோடு எப்படி விழுகிறது என்று முதலில் பார்ப்போம். இன்று நடுத்தர விலைப் போன்களில்கூட வரும் அமோலெட் திரையில், படத்தை வரையச் சொல்லிச் சைகை அனுப்பும் சிறு சிப் ஒன்று உண்டு. சிப்பிலிருந்து திரைக்குப் போகும் தடங்கள் தலைமயிரைவிட மெல்லியவை. வளைந்து மடியும் ரிப்பன் ஒன்றின் வழியாகவும், அதைத் திரையின் விளிம்போடு பிணைக்கும் ஒட்டு வழியாகவும் அவை போகின்றன. அந்த ஒட்டு சூட்டில் தளர்ந்தாலோ, அழுத்தத்தில் விட்டாலோ, ஒரு நெடுவரிசைக்குப் போக வேண்டிய சைகை நின்றுவிடும். மேலிருந்து கீழ்வரை அந்த வரிசை மட்டும் ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும். பச்சைக் கோடு, இளஞ்சிவப்புக் கோடு என்று நாம் சொல்வது இதைத்தான். கண்ணாடியில் கீறல் இருக்காது. சட்டத்தில் நசுங்கல் இருக்காது. விழுத்திய போனிலும் இப்படிக் கோடு வரலாம் என்பது உண்மையே. எது எதனால் வந்தது என்பதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். திறந்து பார்க்கும் கருவியும் அறிவும் இருப்பது கம்பனியிடம். நிரூபிக்கச் சொல்வதோ வாடிக்கையாளரை.

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய கம்பனிகளிடமே வரலாறு உண்டு. 2014இல் ஐபோன் 6 பிளஸ் வளைகிறது என்று பேச்சு எழுந்தபோது, ஒன்பது பேர்தான் முறைப்பட்டிருக்கிறார்கள் என்றது ஆப்பிள். இரண்டு வருடம் கழித்து அதே போன்களின் திரையின் மேற்பகுதியில் சாம்பல் நிறப் பட்டை துடித்தது; தொட்டால் திரை கேட்கவில்லை. உள்ளே, தொடுகையை உணரும் சிப்புகள் பலகையிலிருந்து விட்டுப்போயிருந்தன. 2016 நவம்பரில் ஆப்பிள் ஒரு திருத்தும் திட்டத்தை அறிவித்தது. கடினமான தரையில் பலமுறை விழுந்து, பிறகும் நெருக்குதலுக்கு உள்ளான போன்களுக்கு இப்படி வரலாம் என்பது அதன் விளக்கம். திருத்தக் கட்டணம் 149 டொலர். பழியும் வாடிக்கையாளருக்கு, பில்லும் வாடிக்கையாளருக்கு.

அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தவை வேறு கதை சொல்லின. கலிபோர்னியாவில் நீதிபதி லூசி கோவின் முன் நடந்த வழக்கில், கம்பனியின் சொந்தச் சோதனைகள் 2018இல் பகிரங்கமாயின. முந்தைய ஐபோன் 5எஸ்ஸைவிட ஐபோன் 6 வளையும் வாய்ப்பு 3.3 மடங்கு, 6 பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு என்பது சந்தைக்கு வரும் முன்பே உள்ளே தெரிந்திருந்தது. 2016 மே மாதமளவில், அந்தச் சிப்புக்கு அடியில் பலப்படுத்தும் பசையையும் அமைதியாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பிழை வாடிக்கையாளரின் கையில் இருந்திருந்தால் தொழிற்சாலையில் பசை எதற்கு?

சாம்சுங் 2019 ஏப்ரலில் மடிக்கும் போனை மதிப்பாய்வாளர்களுக்குக் கொடுத்தபோதும் நடந்தது இதுதான். சில நாட்களிலேயே திரைகள் செத்தன. உரிக்கக்கூடாத மேற்படலத்தைச் சிலர் உரித்துவிட்டார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. உரிக்காதவர்களின் திரையும் போயிருந்தது. வெளியீடு தள்ளிவைக்கப்பட்டு செப்டெம்பரில் போன் திரும்பி வந்தபோது, படலம் விளிம்புக்குள் செருகப்பட்டிருந்தது, பிணைச்சலுக்கு மூடிகள் போடப்பட்டிருந்தன. பிழை எங்கிருந்தது என்பதைத் திருத்தப்பட்ட வடிவமே சொல்லிவிட்டது.

இனி, நம்மூரின் பிரத்தியேகக் குற்றவாளியான கடல் காற்றுக்கு வருவோம். கொட்பேயில் மீன் இறக்குபவருக்கும், நிலாவெளியில் படகுச் சவாரி விடுபவருக்கும், கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வருபவருக்கும் உப்புக்காற்றை விட்டால் வேறு காற்றில்லை. அவர்களுக்கு எப்படிப்பட்ட விளம்பரம் காட்டிப் போன் விற்கப்பட்டது? தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று. அவுஸ்திரேலியாவில் சாம்சுங் தன் கலக்ஸி போன்களை நீச்சல்தடாகத்திலும் கடலிலும் பாவிக்கலாம் என்ற தோரணையில் விளம்பரம் செய்தது. அந்தத் தண்ணீர் பட்ட ஈரத்தோடு சார்ஜ் போட்டால் துவாரம் அரிக்கக்கூடும் என்பதைச் சொல்லவில்லை. 2022 ஜூனில் அந்நாட்டு நீதிமன்றம் 140 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீர் பட்ட போனுக்கு உத்தரவாதம் கிடையாது என்றதற்காக ஆப்பிளுக்கு இத்தாலி 2020 நவம்பரில் ஒரு கோடி யூரோ தண்டம் போட்டது. இங்கே அதே போனின் சிம் தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொட்டு சிவந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சிவந்திருந்தால் கதை முடிந்தது. போன் எந்தத் தண்ணீரைத் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்டது என்பதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

சூடும் அப்படித்தான். ஐபோன்களை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பாவிக்கும்படி ஆப்பிள் சொல்கிறது. மே தொடக்கம் ஆகஸ்ட் வரை திருகோணமலையின் மத்தியான வெயில் அந்த எல்லையை உரசிக்கொண்டுதான் நிற்கும். மோட்டார்சைக்கிளின் முன்னால் போனைப் பூட்டி ஓடுபவருக்கு அதையும் தாண்டும். கூரை ஒழுகினால் மழையில் பிழை சொல்லி மேசனை விட்டுவிடுவோமா? இந்த ஊரில் விற்ற பொருள் இந்த ஊரின் வெயிலையும் காற்றையும் தாங்க வேண்டும். தாங்காதென்றால் விற்கும்போதே சொல்ல வேண்டும்.

"சரி, கம்பனியிட்ட கதைச்சு என்ன வரப்போகுது?" என்பது முதல் நம்பிக்கையின் தம்பி. இதற்கும் பதில் இருக்கிறது. 2017இல் பிக்சல் 2 எக்ஸ்எல் திரையில் பழைய படத்தின் தடம் படிகிறது என்று வாங்கியவர்கள் கிளம்பியபோது, அது இயல்புதான் என்றபடியே கூகுள் உத்தரவாதத்தை இரண்டு வருடமாக்கியது. இந்தியாவில் பச்சைக் கோடு பரவியபோது, மென்பொருளைப் புதுப்பித்த கையோடு கோடு வந்தது என்று பல கம்பனிகளின் வாடிக்கையாளர்களும் ஒரே குரலில் முறைப்பட்டார்கள். கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. உத்தரவாதக் கோரிக்கைகள் இழுபடுகின்றன என்பது உட்படப் பல குறைகளை அடுக்கி, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் சில்லறை விற்பனையாளர் சங்கம் 2024 மே முதல் சுமார் 4,500 கடைகளில் ஒன்பிளஸ் விற்கமாட்டோம் என்று அறிவித்தது. ஒன்பிளஸ் 2023இலேயே சில மாடல்களின் திரைக்கு ஆயுள் உத்தரவாதம் தந்திருந்தது. 2024 ஜூலையில் கோடு விழும் தன் எல்லாப் போன்களுக்கும் அதை விரித்தது. சாம்சுங்கும் எஸ்20, எஸ்21, எஸ்22 வரிசைகளில் குறித்த சில போன்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. யாரும் விழுத்தாமலே விழுந்த கோடுகள் அவை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் அந்த அறிவிப்புகள் இந்தியாவில் வாங்கிய இந்தியப் போன்களுக்கு. அதே தொழிற்சாலை, அதே திரை, அதே ஒட்டு. உரிமை மட்டும் பாக்குநீரிணையைத் தாண்டுவதில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனை வீடுகளில் கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் மகனோ மருமகனோ கொண்டுவந்த போன் இருக்கிறது! அவற்றின் உத்தரவாதம் பெரும்பாலும் விமானம் ஏறும்போதே முடிந்துவிடும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, திரை ஒன்றை மாற்றுவதென்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் செலவு. அந்தச் செலவை "என்ர கவனக்குறைவு" என்று தலைகுனிந்து கட்டுகிறோம்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறைப்பாட்டை விசாரிக்கவும், நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிடவும் அதிகார சபைக்கு இடம் தருகிறது. உற்பத்தியாளர் சீனாவிலோ கொரியாவிலோ இருக்கலாம். விற்ற வணிகரையும் சட்டம் பிடிக்கும். ஆனால் ஓட்டையும் அதே சட்டத்தில்தான். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பட வேண்டும். பச்சைக் கோடு பெரும்பாலும் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வரும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், பிணக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், வாங்கிய முதல் வருடத்துக்குள் தெரியவரும் குறைபாடு விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பாடு.

கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விழுத்திவிட்டு விழவில்லை என்று சாதிப்பவர்கள் உண்டு. ஏஜென்ட் கைவிரித்தால் திரையின் விலை கடைக்காரர் தலையில்தான் விழும். அதனால்தான் அவருடைய கோபமும் நம்முடைய கோபமும் ஒரே முகவரிக்குப் போக வேண்டும். போனை வாங்கிப் பார்த்து, வேலைச் சீட்டில் "பிஸிக்கல் டமேஜ்" என்று ஒரு கட்டத்தில் சரி போட்டுத் திருப்பித் தருகிறார்களே, அங்கேயே நிறுத்துங்கள். எந்த இடத்தில் சேதம், என்ன ஆதாரம், யார் திறந்து பார்த்தார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், மறுத்த திகதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பில்லும் ஐஎம்இஐ இலக்கமும் கையில் இருக்கட்டும். கோடு விழுந்த அன்றே, கீறலில்லாத கண்ணாடியோடு நான்கு மூலையையும் படம் எடுத்து வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அதோடு நிற்காமல் கச்சேரியில் இருக்கும் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

ஆளுக்கு ஆள் கவனமாக இருந்தால் தீரும் காரியம் இதுவல்ல. மூன்று மாத எல்லை குறைபாடு தெரியவந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். முதல் வருடத்தில் நிரூபிக்கும் பொறுப்பு விற்றவர் மேலும் அவரது ஏஜென்ட் மேலும் இருக்க வேண்டும். வேறொரு நாட்டில் ஒரு மாடலுக்கு இலவசத் திரை அறிவித்த கம்பனி, அதே மாடலை இங்கே விற்றிருந்தால் இங்கேயும் அறிவிக்கக் கட்டுப்பட வேண்டும். இவற்றை நாடாளுமன்றத்தில் எழுப்ப மாவட்டத்துக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவர்களின் கையிலும் கோடு விழுந்த போன் இருக்கத்தான் செய்யும். அதுவரை "எங்க விழுத்தினீங்க?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "விழுந்ததென்று எப்படித் தெரியும், எழுதித் தாங்கோ."