படம் வந்தது, தேதி எங்கே?

எங்கள் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று, தன்னிடமிருந்த பழைய புகைப்படங்களையெல்லாம் புது மென்பொருளுக்கு மாற்றியிருக்கிறது. "ஒரு படம்கூடத் தொலையவில்லை சார்" என்று பெருமையாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். உண்மைதான், படங்கள் எல்லாம் இருந்தன. வேறெதுவும் இல்லை.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தபோது எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. 2021 நவம்பரில் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றபோது எடுத்தவையும் இருக்கின்றன. இப்போது இரண்டும் ஒரே குவியல். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, மாற்றிய தேதி! எந்தத் தெரு, யார் எடுத்தது, ஒன்றும் தெரியாது. நாளை வடிகால் கேட்டு மனுவோடு நீட்டினால், "இது எந்த வெள்ளம் ஐயா?" என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

நடந்தது இதுதான். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படம் அனுப்பினால், கேமரா உள்ளே குறித்துவைத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். மிஞ்சுவது கோப்பின் பெயரில் உள்ள தேதி ஒன்றுதான். 20151203 என்றிருந்த அந்தப் பெயரையும் புது மென்பொருள் 0001, 0002 என்று 'ஒழுங்கு' செய்துவிட்டது. தெருப் பெயர்களைப் பழைய செயலாளர் தனிப் பட்டியலாகத் தட்டச்சு செய்திருந்தார். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அப்படியே ஏற்றியதில் வெறும் கிறுக்கலாக நிற்கிறது. வானவில்லா, பாமினியா என்று ஒரு வரி குறித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

நான் எழுத்தராக இருந்தவன். கோப்பு என்றால் காகிதம் மட்டுமல்ல. ந.க. எண், தன்பதிவேட்டில் ஏறிய நாள், முடிவு வகை எல்லாம் சேர்ந்ததுதான் கோப்பு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்தாண்டு, எல்.டிஸ். என்றால் ஓராண்டு. இவை இல்லாத காகிதம் சுண்டல் மடிக்கத்தான் ஆகும்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த ஆவணங்களை வேறொன்றின் ஆவணங்களோடு கலக்காதே என்று பிரான்சில் 1841-லேயே சுற்றறிக்கை போட்டார்கள். 'ரெஸ்பே தே ஃபோன்' என்பார்கள். கணினி வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம், கணினி வந்ததும் மறந்துபோயிற்று!

"விவரத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் சார்" என்கிறார்கள். யார் சேர்ப்பது? இடுப்பளவு தண்ணீரில் நின்று படமெடுத்தவர்களில் சிலர் வீடு மாறிவிட்டார்கள், சிலர் உலகத்தையே விட்டுவிட்டார்கள். காகிதத்தில் இல்லாதது அவர்கள் தலையில் இருந்தது. அதுவும் போயிற்று.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. பழைய பெயர், புதுப் பெயர், தேதி, இடம், எடுத்தவர் என்று ஐந்து பத்திகளில் ஒரு பட்டியல். முதலில் பத்துப் படங்களை மட்டும் மாற்றி, விவரமும் கூட வந்ததா என்று பார்ப்பது. சரியாக வந்திருந்தால் மட்டுமே மீதி. எல்லாம் முடிந்து ஓராண்டு வரையாவது பழைய ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் வைப்பது.

நல்லவேளை, அந்தப் பழைய டிஸ்க் சங்க அலமாரியில் இன்னும் இருக்கிறது. அடுத்த வாரம் காயலான் கடைக்குப் போடப் போகிறார்களாம். வேண்டாம் ஐயா. சாவியை என்னிடம் கொடுங்கள். நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.