உன்ர வேலைக்கு நீயே விண்ணப்பம் போடு

2020 ஒக்ரோபரில் செவ்ரோன் எண்ணெய்க் கம்பனி தன்ர ஊழியர்களிட்ட ஒரு விஷயம் கேட்டது: நீங்கள் இப்ப செய்துகொண்டிருக்கிற வேலைக்கு நீங்களே திரும்ப விண்ணப்பியுங்கோ. அப்ப அங்க உலகம் முழுக்க 45,000 பேர் அளவில வேலை செய்தவை. அதில 10 முதல் 15 வீதம் வரை குறைக்கப் போறம் எண்டு கம்பனி அதுக்கு முதலே அறிவிச்சிருந்தது.

செவ்ரோன் எண்டால் எங்கட ஆக்களுக்கு உடன விளங்காது. மோட்டார்சைக்கிள் கராஜில தொங்கிற கல்டெக்ஸ் ஒயில் விளம்பரம் தெரியும்தானே, அதே கம்பனிதான். கொழும்புப் பங்குச் சந்தையிலும் அதின்ர கிளைக் கம்பனி ஒண்டு இருக்கு. ஆனா அதின்ர உண்மையான உடம்பு இருக்கிறது ரெக்சாஸ், கலிபோர்னியா, மெக்சிக்கோ வளைகுடா மாதிரி இடங்களில. எண்ணெய் எடுக்கிற ஒவ்வொரு பிரதேசத்துக்கும் முந்தி ஒரு வணிகப் பிரிவு இருந்தது. அந்தப் பிரிவுக்கெண்டு பொறியியலாளர், புவியியலாளர், கணக்காளர், காணிக் குத்தகை பார்க்கிற ஆக்கள் எண்டு தனிக் குடும்பம் மாதிரி. மேற்கு ரெக்சாஸில மிட்லண்ட் எண்ட ஊரைச் சுத்தி இருக்கிறது பேமியன் படுகை. அங்க வாழ்க்கையே எண்ணெய் விலையோட ஏறி இறங்கும்.

இதைப் பற்றிக் கதைச்சால் எங்கட பக்கத்தில வாற முதல் பதில், "அவங்களுக்கென்ன, டொலரில சம்பளம், போகேக்க ஒரு தொகையும் குடுத்துத்தானே அனுப்புவாங்கள்." எனக்கு இந்தப் பதில் பிடிக்கிறதில்லை. பரிதாபப்பட வேணும் எண்டு நான் சொல்லேல்ல. அவையின்ர சம்பளம் எங்கட நாட்டில ஒரு ஆசிரியர் வாழ்நாளில காணாத சம்பளம் எண்டது உண்மைதான். ஆனா அந்த ஊழியர்கள் எப்பிடி எதிர்வினை ஆற்றினம் எண்டதைக் கவனிக்க வேணும். ஏனெண்டால் அந்த எதிர்வினையைக் கம்பனிதான் முதலே வடிவமைச்சு வைச்சிருக்குது.

யோசிச்சுப் பாருங்கோ. பதினைஞ்சு வருஷம் ஒரே மேசை. பக்கத்து மேசைக்காரியின்ர பிள்ளையின்ர பிறந்தநாளுக்குப் போய் வந்திருக்கிறீங்கள். திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் வருது: இந்தப் பிரிவில முந்தி பத்து இடம், இனி ஏழு இடம், விருப்பமான ஆக்கள் விண்ணப்பிக்கலாம். அண்டையில இருந்து அவ உங்கட சிநேகிதி இல்லை, போட்டியாளர். மதியச் சாப்பாட்டில யாரும் வாய் திறக்க மாட்டினம். கூட்டத்தில ஆர் கூடக் கதைக்கினம், ஆர் மேலதிகாரியோட தனியக் கதவைச் சாத்திப்போட்டுக் கதைக்கினம் எண்டெல்லாம் கண் தேடும். கோபம் வரும், ஆனா அது மேல போகாது, பக்கவாட்டில போகும். வயசு கூடின ஆக்களுக்கு இளம் ஆக்களில கோபம், "சம்பளம் குறைவெண்டு அவையைத்தான் வைச்சிருப்பினம்." இளம் ஆக்களுக்கு மற்றவையில, "ஓய்வூதியத்துக்குக் கிட்ட நிக்கிறவை தாங்களாப் போனா என்ன?" கடைசியில வேலை கிடைக்காமல் போன ஆளுக்கு, கம்பனி என்னை நீக்கிப்போட்டுது எண்டு சொல்லவும் வாய் வராது. நான் விண்ணப்பிச்சன், தெரிவாகேல்ல. பரீட்சையில கோட்டை விட்ட மாதிரி. ஆட்குறைப்பு எண்ட பொது விஷயம் இப்பிடித்தான் ஒரு தனி ஆளின்ர தோல்வியா மாறுது. இதைக் கெட்டித்தனம் எண்டுதான் சொல்ல வேணும். கெட்ட கெட்டித்தனம்.

அந்த வருஷம் கம்பனி சொன்ன காரணத்தில உண்மை இல்லாமல் இல்லை. கொரோனாவால உலகம் முடங்கி, 2020 ஏப்ரல் 20 அண்டு அமெரிக்க எண்ணெயின்ர விலை பீப்பாவுக்கு மைனஸ் 37 டொலருக்குக் கீழ போனது. வாங்கிற ஆளுக்கு விற்கிற ஆள் காசு குடுக்கிற நிலைமை. செவ்ரோனுக்கு அந்த வருஷம் 5.5 பில்லியன் டொலர் நட்டம். சரி, விளங்குது.

ஆனா 2022 இல் அதே கம்பனிக்கு 35.5 பில்லியன் டொலர் இலாபம், அதுவரை காணாத சாதனை. அடுத்த மாதமே 75 பில்லியன் டொலருக்குத் தன்ர பங்குகளைத் தானே திருப்பி வாங்கப் போறன் எண்டு அறிவிச்சுது. 2024 இல் இலாபம் 17.7 பில்லியன், பங்குதாரருக்குப் போனது 27 பில்லியன். உழைச்சதை விடக் கூடக் குடுத்திருக்கு. அதுக்குப் பிறகு, 2025 பெப்ரவரியில, ஊழியர்களில 15 முதல் 20 வீதம் வரை 2026 முடியிறதுக்குள்ள குறைக்கப் போறம் எண்டு இன்னொரு அறிவிப்பு. நட்டம் வந்தாலும் ஆளைக் குறைக்கிறது, இலாபம் வந்தாலும் ஆளைக் குறைக்கிறது எண்டால், எண்ணெய் விலை ஒரு காரணமா இல்லாட்டிச் சாட்டா?

பெப்ரவரி 2025 இல சொல்லி 2026 கடைசி வரைக்கும். கிட்டத்தட்ட இரண்டு வருஷம். மிட்லண்ட் பக்கம் 800 பேர் அளவில போகப்போகினம் எண்ட செய்தி சில மாதத்திலேயே வந்திட்டுது. மற்றவை காத்திருக்கினம். வீட்டுக் கடன் எடுக்கலாமா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாத்தலாமா எண்டு ஒண்டும் முடிவெடுக்க ஏலாத இரண்டு வருஷம். அமெரிக்கச் சட்டப்படி 100 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற கம்பனி பெரிய அளவில ஆளைக் குறைக்கிறதெண்டால் 60 நாள் முன்னறிவித்தல் குடுக்க வேணும், அவ்வளவுதான். காரணம் சரியா எண்டு ஆரும் கேட்க மாட்டினம்.

இதில எங்களுக்குக் கிட்டவா ஒரு விஷயம் இருக்கு. 2024 இல பெங்களூரில பொறியியல் மையம் ஒண்டுக்கு 1 பில்லியன் டொலர் முதலிடப் போறதா செவ்ரோன் அறிவிச்சுது. அதில தமிழ்ப் பெடியள், பெட்டையள் கனபேர் வேலைக்குப் போகக்கூடும், நல்லது. ஆனா வேலை போன ஹூஸ்ரன் ஆளின்ர கோபம் தலைமையகத்தை விட்டுட்டு அந்தப் பெங்களூர்ப் பிள்ளையில போய் விழுறது எவ்வளவு லேசு எண்டும் பார்க்க வேணும். இந்தப் பக்கத்தில நாங்களும், எங்களுக்கு வேலை வந்தாச் சரி எண்டு இருந்திடுவம். பக்கத்து மேசையில நடந்ததுதான் இப்ப இரண்டு கண்டத்துக்கு இடையில நடக்குது.

வேற மாதிரி எதிர்வினை ஏலாத காரியமில்லை. 2022 மார்ச்சில, அதே செவ்ரோனின்ர ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையில 500 க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில இறங்கி, இரண்டு மாதத்துக்கு மேல நிண்டவை. சம்பளமும் பாதுகாப்பும்தான் பிரச்சினை. பெரிய வெற்றி எண்டு சொல்ல மாட்டன். ஆனா அவைக்குத் தொழிற்சங்கம் இருந்தது, அதால கோபம் வாசலில மறியலா நிண்டது. கணினிக்கு முன்னால இருக்கிற பொறியியலாளருக்குச் சங்கம் இல்லை. தாங்கள் தொழிலாளர் எண்ட நினைப்பும் அனேகமாக் கடிதம் வாற நாள் வரைக்கும் இருக்காது. கலைப்பீடத்தில படிச்சுப்போட்டு வங்கியோ அரசசார்பற்ற நிறுவனமோ எண்டு கனவு காணுற எங்கட ஆக்களுக்கும் அந்த நினைப்பு இருக்கெண்டு எனக்குத் தோணேல்ல.

இலங்கையில 1971 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு. 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிப்பாட்டுறதெண்டால் அவரின்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும், இல்லாட்டித் தொழில் ஆணையாளரின்ர அனுமதி வேணும். இது முதலீட்டைத் தடுக்குது, தளர்த்த வேணும் எண்டு வர்த்தகத் தரப்பு கனகாலமாக் கேட்டுக்கொண்டிருக்கு. சட்டம் பழசுதான், அதை ஏய்க்கிற வழியளும் கன இருக்கு, "சுயவிருப்ப ஓய்வு" எண்ட பேரில வாங்கிற சம்மதம் எவ்வளவு சுயவிருப்பம் எண்டதும் தெரியும். ஆனாலும் அதைத் தளர்த்தச் சொல்லுற ஆக்கள் எங்களுக்கு மிட்லண்டைத்தான் காட்டுகினம். அங்க ஆரும் ஒரு அதிகாரிக்கு முன்னால போய் "ஏன்" எண்டதுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில ஒரு எதிர்வினை மட்டும் கம்பனியளின்ர கணக்கில இல்லாமல் வந்தது. 2014 அளவில அங்கத்தைப் பல்கலைக்கழகங்களில பெற்றோலியப் பொறியியல் படிக்கப் பிள்ளையள் முண்டியடிச்சவை. விலை விழுந்து, ஆட்குறைப்புகள் தொடங்கினாப் பிறகு அந்த வகுப்புகள் கரைஞ்சு போச்சு. 2022 இல இலாபம் கொட்டினபோதும், நல்ல தொடக்கச் சம்பளம் காட்டினபோதும், முந்தின மாதிரி ஆக்கள் திரும்பி வரேல்ல. தாய் தேப்பனோ மாமாவோ தன்ர வேலைக்கே விண்ணப்பம் நிரப்பினதைச் சாப்பாட்டு மேசையில இருந்து பார்த்த பிள்ளையளும் அதில இருந்திருக்கும். கம்பனியள் இப்ப படிச்ச இளம் ஆக்கள் காணாது எண்டு குறைப்படுகினம்.