உயில் எழுதினால் ஆயுசு குறையுமா?

பெரியகுளம் தென்கரையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு தோப்புக்காரரிடம் போய், "ஐயா, உயில் எழுதிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏப்பா, நான் நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கலையா?" என்றுதான் பதில் வரும். அதே மனிதர் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடும்போது முன்பணம், தண்ணீர், காவல் என்று ஒன்று விடாமல் பேசி எழுதி வாங்கிக் கொள்வார். ஒரு சீசன் மாங்காய்க்கு எழுத்து உண்டு, தோப்புக்கு எழுத்து இல்லை!

உயில் எல்லாம் கோடீஸ்வரர்கள் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பும் இருக்கிறது. சரி, கோடிகள் இருந்தவர் கதையையே பார்ப்போம்.

தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டி தொகுதியில் 2002-லும் 2006-லும் ஜெயித்தவர் ஜெயலலிதா. 2016 டிசம்பர் 5-ல் அவர் இறந்தபோது உயில் எதுவும் இல்லை. போயஸ் கார்டன் வீடு யாருக்கு என்பது நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய அண்ணன் பிள்ளைகளான தீபா, தீபக் இருவரையும் வாரிசுகள் என்று சொன்னது. இதற்கிடையே வீட்டை நினைவு இல்லமாக்க அரசு கையகப்படுத்தி 67.9 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டியது. அதில் சுமார் 36.9 கோடி வருமான வரி பாக்கிக்காக. 2021 நவம்பரில் அந்தக் கையகப்படுத்தலும் ரத்து. வீட்டுச் சாவி வாரிசுகள் கைக்கு வந்தபோது அவர் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அவருடைய விருப்பம் என்னவாக இருந்திருக்கும்? யாருக்கும் தெரியாது. இரண்டு சாட்சிகளோடு ஒரு தாள் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எழுதாதவர்களுக்கு சட்டம் எழுதிய உயில்

உயில் எழுதாமல் போனால் சொத்து அந்தரத்தில் நிற்காது. யாருக்குப் போக வேண்டும் என்று சட்டமே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அது பல பேருக்குத் தெரியாத ஏற்பாடு என்பதுதான் சிக்கல்.

ஒரு கற்பனைக் குடும்பம். இந்துக் குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். அப்பா சுயமாக சம்பாதித்து வாங்கிய மாந்தோப்பு. மனைவி, இரண்டு மகன்கள், கம்பத்தில் கட்டிக் கொடுத்த ஒரு மகள், வயதான தாயார். அப்பா உயில் இல்லாமல் இறந்து விடுகிறார். தோப்பு யாருக்கு? "இரண்டு பையன்களுக்கும் ஆளுக்குப் பாதி" என்று ஊர் சொல்லும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பேருக்கும் ஐந்தில் ஒரு பங்கு.

இதோடு முடியவில்லை. சில வருஷம் கழித்து அந்தப் பாட்டியும் உயில் இல்லாமல் இறக்கிறார். பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு பாட்டியின் பிள்ளைகளுக்குப் போகும். அதாவது இறந்த மகன் வழிப் பேரப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாகம், சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணன் வாங்கிய தோப்பில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் தலா பதினைந்தில் ஒரு பங்கு! சித்தப்பா நல்லவராக இருந்தால் கையெழுத்துப் போட்டு விட்டுக் கொடுப்பார். பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத சித்தப்பாவாக இருந்தால்? தோப்பை விற்கவும் முடியாது, ஒழுங்காகக் கடன் வாங்கவும் முடியாது.

"அதான் பேங்கில் நாமினி போட்டாச்சே" என்பார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். எல்.ஐ.சி. பாலிசி வழக்கில் 1984-லும், கம்பெனி பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் யார் யார் வாரிசு என்று சொல்லுமே தவிர சொத்தைப் பிரித்துத் தராது.

செட்டில்மெண்ட் என்ற அவசரம்

உயில் எழுதப் பயப்படும் அதே ஆட்கள் செட்டில்மெண்ட் எழுதப் பயப்படுவதில்லை. இதுதான் பெரிய ஆச்சரியம். "இருக்கும்போதே பிள்ளைகள் பேருக்கு மாத்தி விட்டுட்டா நிம்மதி" என்று பத்திர ஆபீசுக்குப் போய் விடுகிறார்கள்.

முதலில் செலவு. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பை 25,000-லிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டண உச்சவரம்பை 4,000-லிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் 40 லட்ச ரூபாய் தோப்புக்கு 50,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வெள்ளைத் தாள் போதும்.

செலவு கூடப் பரவாயில்லை. உயிலை உயிரோடு இருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். நிபந்தனை இல்லாத செட்டில்மெண்ட் கையை விட்டுப் போனது போனதுதான், எழுதியவரே தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. மகன் சோறு போடவில்லை என்றால் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ன் கீழ் கோட்டாட்சியரிடம் மனு போடலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டதா என்பதே பெரிய வாதமாகி விடும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகப் பார்த்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் முதியவர் பக்கம் தாராளமாகப் பார்த்தது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் எண்பது வயதுக்கு மேல் கோர்ட் படி ஏறித்தான் அதை வாங்க வேண்டுமா?

வரி பயம்

"வாரிசுச் சொத்து வந்தால் டாக்ஸ் கட்டணுமாமே?" இது அடுத்த கேள்வி. 1953-ல் வந்த எஸ்டேட் டியூட்டி என்ற வரி இறந்தவர் சொத்தின் மீது போடப்பட்டது. மேல் படியில் 85 சதவீதம் வரை போனது. 1985 மார்ச்சோடு அதற்கு மூடுவிழா. இன்று அப்பா சொத்து பிள்ளைக்கு வருவதற்கு வருமான வரி இல்லை.

வரி வருவது அதை விற்கும்போது. இங்கேதான் பெரியகுளத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மக்கள் தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சத்துக்குள் இருக்கும் நகராட்சி என்றால், அதன் எல்லையிலிருந்து வான்வழித் தூரம் 2 கிலோ மீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலம் மூலதனச் சொத்து, விற்றால் லாபத்துக்கு வரி. அதைத் தாண்டினால் கிராமப்புற விவசாய நிலம், மூலதன ஆதாய வரி இல்லை. பெரியகுளம் நகராட்சி இந்தப் பிரிவில்தான் வருகிறது. ஆக ஒரே அப்பாவின் இரண்டு தோப்புகளில் ஒன்றுக்கு வரி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்று ஆகலாம். அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று என்று சமமாகப் பிரித்ததாக நினைத்திருப்பார், விற்கும்போது சமமாக இருக்காது.

இன்னொன்று. "எனக்குச் சும்மா வந்த சொத்து, அதனால் விற்ற பணம் முழுவதும் லாபம்" என்பதும் தப்பு. அப்பா வாங்கிய விலைதான் பிள்ளைக்கும் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால், அன்றைய சந்தை மதிப்பை அரசு வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல் எடுத்துக் கொள்ளலாம். அதனால் அப்பாவின் பழைய கிரயப் பத்திரத்தைத் தொலைக்காதீர்கள்.

மனைவி பெயருக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதினால் வாடகைக்கு வரி மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு: பி.காம் படிக்கும் யாரையாவது கேளுங்கள், "கிளப்பிங்" என்று ஒரு பாடம் நடத்துவார்கள் :-) அந்த வாடகை கணவன் வருமானத்தோடுதான் சேரும். இறந்த பிறகு உயில் வழியாக மனைவிக்குப் போகும் சொத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

டிரஸ்ட் யாருக்கு வேண்டும்?

டிரஸ்ட் என்றதும் கோயில், ஸ்கூல் என்று நினைத்துக் கொள்கிறார்கள். 1882 இந்திய டிரஸ்ட் சட்டம் குடும்பத்துக்குள் அமைக்கும் தனி டிரஸ்டுக்கானது. எல்லோருக்கும் இது தேவையில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நிச்சயம் தேவை. அந்தப் பிள்ளை பெயரில் நேராகத் தோப்பை எழுதி வைத்தால் யார் பார்ப்பார்கள்? நம்பிக்கையான ஒருவரை டிரஸ்டியாகப் போட்டு, வருமானத்தை அந்தப் பிள்ளைக்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்று உயிலிலேயே எழுதலாம். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாத டிரஸ்டுக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி. தன்னை நம்பியிருக்கும் உறவினருக்காக மட்டும் உயில் மூலம் அமைக்கும் ஒரே டிரஸ்டுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இதற்கு மட்டும் ஆடிட்டர், வக்கீல் இருவரையும் பார்த்து விடுவது நல்லது.

மகளை வெட்டி விடவா உயில்?

இப்போது ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். உயில் எழுதச் சொன்னால் மகளுக்கு ஒன்றும் இல்லை என்றுதானே எழுதுவார்கள்?

உண்மை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. அப்போது அது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும். 2005-ல் மத்திய அரசு எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அது பிறப்பால் வரும் உரிமை என்று உறுதி செய்தது. இத்தனைக்குப் பிறகும், அப்பா இறந்த பிறகு மகளைக் கூப்பிட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நின்றபாடில்லை. "நகை போட்டோம், சீர் செஞ்சோம், இன்னும் என்ன?" என்ற ஒரு கேள்வி போதும், அவள் வாயடைத்துப் போவாள்.

உயில் இல்லாத வீட்டிலும் மகள் ஏமாறத்தான் செய்கிறாள். அதுவும் அப்பா இல்லாத நேரத்தில், அண்ணன் தம்பிகளுக்கு நடுவில். அவளுக்கு என்ன என்பதை அப்பாவே உயிரோடு இருக்கும்போது எழுதி, அவளிடமும் சொல்லி விட்டால், அவள் கேட்கக் கூச வேண்டியதில்லை. குறைவாகக் கொடுப்பதென்றால் காரணத்தையும் எழுதட்டும். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கினால் அந்தக் காரணம் சரியில்லை என்று அவருக்கே தெரிந்து விடும்.

எழுதுவது அவ்வளவு கஷ்டமா?

- தமிழில் எழுதலாம். தேதி, சர்வே எண், நான்கு எல்லை தெளிவாக வேண்டும்.
- எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், எனவே இளவயது சாட்சிகள் நல்லது. சொத்து வாங்கப் போகிறவரே சாட்சியாக வேண்டாம்.
- பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் செய்து விடுங்கள். ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம்.
- இது இந்துக்களுக்கான கணக்கு. முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உயில் எழுத முடியும். கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணமானதும் செல்லாது.

1829-ல் சிவகங்கை ஜமீன்தார் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவர் மகள் காத்தம நாச்சியாருக்குத்தான் ஜமீன் என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது 1863-ல். முப்பத்து நான்கு வருஷம்! ஜமீனுக்கு அது தாங்கும். இரண்டு ஏக்கர் தோப்புக்குத் தாங்காது, வக்கீல் பீஸுக்கே மரத்தை வெட்ட வேண்டி வரும்.

அடுத்த மாங்காய் சீசனுக்கு வியாபாரி குத்தகை பேச வரும்போது பேனாவை எடுப்பீர்கள் இல்லையா? அன்றைக்கே இன்னொரு தாளையும் எடுத்து வையுங்கள். ஆயுசு ஒன்றும் குறையாது.