கலப்பும் கலப்படமும்

பீரில் தேன் சேர்ப்பது கலப்படமாம்! வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கும் பழக்கமுள்ள மேல்நாடுகளில் இப்படிச் சொல்ல ஒரு கட்சி இருக்கிறது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றுக்கு மேல் நாலாவதாக எது விழுந்தாலும் பீரின் கற்பு கெட்டுவிட்டது என்பது அவர்கள் வாதம். ஆதாரம் கேட்டால் 1516-ஆம் ஆண்டின் பவேரியச் சட்டத்தை எடுத்து நீட்டுவார்கள். பீர் குடிக்காத நமக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். தூய்மையின் பெயரைச் சொல்லி யார் யாரை அதட்டுகிறார்கள் என்பது குடிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி பீரை என்ன விலைக்கு விற்கலாம் என்ற பேச்சுத்தான். கோதுமை ரொட்டிக்கு வேண்டும், பீர் காய்ச்சுகிறவர்கள் அதில் கை வைக்கக் கூடாது என்ற கவலையும் அதன் பின்னால் இருந்ததாகச் சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் 1602-ல் அதே பவேரியாவின் கோமகன் முதலாம் மாக்ஸிமிலியன், கோதுமை பீர் காய்ச்சும் உரிமையைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டான். ஊரான் காய்ச்சினால் குற்றம். அரண்மனை காய்ச்சினால் வருமானம்! ‘தூய்மைச் சட்டம்’ என்ற பெயரே அதற்கு 20-ஆம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டது. பீரைப் பீராக்குகிற ஈஸ்டைப் பற்றி அது மூச்சு விடவில்லை என்பதையும் பக்தர்கள் கவனிக்க வேண்டும்.

தேன் நேற்று வந்த விருந்தாளியும் அல்ல. துருக்கியில் கோர்டியோன் என்ற இடத்தில் 1957-ல் ஒரு சமாதியைத் தோண்டினார்கள். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்தியது அது. அங்கிருந்த பாத்திரங்களின் வண்டலைப் பிற்பாடு சோதித்தபோது பார்லி, திராட்சை, தேன் மூன்றின் தடயமும் அதில் இருந்தது. நாம் வாய் கூசிச் சொல்லும் ‘மது’ என்ற வடசொல்லுக்கே தேன் என்பதும் ஒரு பொருள். தேனைப் புளிக்க வைத்துச் செய்யும் பானத்துக்கு ஆங்கிலேயர் வைத்த ‘மீட்’ என்ற பெயர் அதற்கு உறவுக்காரச் சொல்.

இதைக் கேட்டுத் தேன் கட்சியார் கைதட்ட வேண்டாம். அவர்களில் பலர், தேனை விட்டால் பீர் தித்திக்கும் என்று நம்பிக் குடம் குடமாய்க் கவிழ்க்கிறார்கள். தேனில் இருப்பது பெரும்பாலும் எளிய சர்க்கரை. ஈஸ்ட் அதை ஏறக்குறையத் துடைத்துத் தின்றுவிடும். முளைகட்டிய பார்லியோ ஈஸ்டால் தின்ன முடியாத சிலவற்றையும் விட்டுவைக்கிறது. பீரின் கனமும் லேசான இனிப்பும் அதனால் வருகிறவை. ஆகவே பார்லியைக் குறைத்துத் தேனைக் கூட்டினால் பீர் மெலிந்து வறளும். அடுப்பில் நெடுநேரம் கொதித்தால் மணமும் ஆவியோடு போய்விடும். கொதி அடங்கிய பிறகோ, புளிப்பின் முதல் வேகம் தணிந்த பிறகோ சேர்த்தால்தான் பூவின் வாசனை கொஞ்சமாவது தங்கும். தேன் என்பது வாசனைக்கு, தித்திப்புக்கு அல்ல.

தூய்மைக்காரர்களின் அடிப்படைப் பிழை கலப்பையும் கலப்படத்தையும் ஒன்றாக்குவது. காப்பிப் பொட்டலத்தின்மேல் சிக்கரி இத்தனை பங்கு என்று அச்சிட்டு விற்கிறான் ஒருவன், பிடித்தவர் வாங்குகிறார். முழுக் காப்பி என்று சத்தியம் செய்து புளியங்கொட்டைப் பொடியைக் கலக்கிறான் இன்னொருவன். இருவரும் ஒன்றா? 2012-ல் அமெரிக்க வெள்ளை மாளிகை தன் தேன் பீரின் செய்முறையை ஊரறிய வெளியிட்டது. தேன் தோட்டத்துக் கூட்டிலிருந்து வந்தது, அளவும் எழுதியிருந்தது. இதில் ஏமாந்தவர் யார்?

ஏமாற்று வேறிடத்தில் நடக்கிறது. ஐரோப்பாவுக்கு இறக்குமதியான தேனில் 320 மாதிரிகளைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். 147 மாதிரிகளின் மேல் சர்க்கரைப் பாகு கலந்த சந்தேகம்! பீரில் தேன் விழுந்ததற்காக வருந்துகிறவர்கள், தேனில் பாகு விழுந்ததற்காக அல்லவா கூச்சல் போட வேண்டும்? அங்கே பெரிய வியாபாரிகளோடு மோத வேண்டியிருக்கும். வீட்டுக் கொல்லையில் அண்டா வைத்துக் காய்ச்சுகிறவனை அதட்டுவது சுலபம். தூய்மை பேசுகிறவர்கள் எப்போதும் சுலபமான ஆளைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.