கதையை யார் நடத்துவது?

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட வா" என்றால் எங்கள் வகுப்பில் எவரும் வருவதில்லை. "ஒரு கதைக்குள் போய், நீ என்ன செய்வாய் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்" என்றால் ஐந்து பேர் வந்து உட்காருகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இதை வெளியிட்டபோது மூன்று சிறு கைந்நூல்கள்தாம் இருந்தன. இன்று விளையாடுபவருக்கான நூல் மட்டும் 300 பக்கங்களைத் தாண்டுகிறது. அதை நீட்டி ஆள் சேர்ப்பது, நீந்தப் பழக வந்தவளுக்குப் பௌதிகப் பாடம் நடத்துவது போன்றது.

பெரிய சிக்கல் வேறு. நடத்துவதற்கு ஆளில்லை. எல்லா விதியும் தெரிந்திருக்க வேண்டுமே என்ற பயம். நானும் பயந்தேன். முதல் நாளே ஒரு விதி மறந்துபோயிற்று. வாய்க்கு வந்த தீர்ப்பைச் சொல்லித் தொடர்ந்தேன். ஒருத்தியும் கவனிக்கவில்லை. பூட்டிய வெளிச்சவீட்டில் இரவில் விளக்கேற்றுவது யார் என்பதே அவர்களுடைய கவலை. ஓர் இடம், ஒரு மர்மம், ஒரு மணி நேரம் போதும். அடுத்த முறை இன்னொருத்தி நடத்தட்டும்.

பகடையைக் கண்ட உம்மும்மா, "தாயம் உருட்டுறதா? நம்மட மார்க்கத்தில கூடாது மகள்" என்றார். பெற்றோர் பலரும் இதையே சொல்வார்கள். நான் வாதாடவில்லை. 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டோம். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கினால், 20 முகப் பகடையின் அதே நிகழ்தகவுதான். (கணிதப் பிரிவினர் சரிபார்க்கலாம்!)

உம்மும்மா இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் வெளிச்சவீட்டில் யார் இருந்தது என்று கேட்டார்.