எங்க ஊர் தேவதைகளுக்கு மாவு பூசாதீங்க!

சென்னையில இருக்கற நண்பர் ஒருத்தர், பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள்ல இருக்கற தேவதைச் சிலைகளா படம் எடுத்து அனுப்பிட்டே இருந்தார். "உங்க தர்மபுரில இதெல்லாம் ஏதுய்யா?"ன்னு ஒரு நக்கல் வேற. எங்களுக்கா இல்லை? :-)

செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடறது எங்க மண்ணுல ரெண்டாயிரம் வருஷப் பழக்கம். தகடூர் அதியமான் செத்தப்புறம் அவனோட நடுகல்லைப் பத்தி ஔவை பாடினது புறநானூற்றிலேயே இருக்கு. காட்சில ஆரம்பிச்சு வாழ்த்து வரைக்கும் கல் நடறதுக்கு ஆறு படிகள்னு தொல்காப்பியம் சொல்லுது. தேவதையும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிற்கால நடுகற்கள் சிலதுல, கீழே சண்டை நடக்கும், மேலே ரெண்டு தேவலோகப் பெண்கள் வீரனை விண்ணுலகம் கூட்டிட்டுப் போவாங்க. இறக்கை மட்டும்தான் இல்லை.

விஷயத்துக்கு வர்றேன். நடுகல் படம் எடுக்கப் போறவங்க நெறைய பேர், எழுத்து பளிச்சுனு தெரியணும்னு சாக்பீஸ் பொடி, மைதா மாவுன்னு பூசறாங்க. யோக்கியன் மாதிரி பேசலை, நானும் பூசினவன்தான். அரூர் பக்கம் ஒரு வேடியப்பன் கோயில்ல கையில மாவோட நின்னப்போ, வெளக்கு வைக்க வந்த பாட்டி கேட்டுச்சு: "ஏஞ்சாமி, உங்கூட்டு அப்பன் போட்டோவுக்கும் இப்பிடித்தான் மாவு பூசுவியா?"

எனக்கு வாயே திறக்க முடியலை. நமக்கு அது கல்வெட்டு, அந்தப் பாட்டிக்கு அது அப்பன். இந்தப் பக்கத்து வேடியப்பன் கோயில்கள் பலதுல சாமியே நடுகல்தான். அதோட, பொடி கல்லோட துளைகள்ல போய் உக்காந்துக்கும். அதை எடுக்கறேன்னு தேய்ச்சா எழுத்தும் சேர்ந்து தேயும். மாவுன்னா எறும்பும் வரும்.

மாவுக்குப் பதில் வெளிச்சம் போதும். உச்சி வெயில்ல எடுத்தா கல் தட்டையாத்தான் தெரியும். காலைல ஏழு மணிக்கோ சாயங்காலம் அஞ்சு மணிக்கோ போங்க. சாய்வா விழற வெயில்ல ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் விழும், எழுத்து தானா எழுந்து வரும். வெயிலே படாத கல்லா? இருட்டினப்புறம் கேமராவை ஸ்டாண்டுல வச்சிட்டு, டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டுல பிடிங்க. அவ்வளவுதான் வித்தை.

"எல்லாக் கல்லையும் மியூசியத்துக்குக் கொண்டுபோயிடலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடில்லை. சாலை ஓரத்துல கேட்பாரில்லாம கிடக்கற கல், துணி துவைக்கற கல்லா மாறிட்ட கல், இதையெல்லாம் தாராளமா தர்மபுரி அருங்காட்சியகத்துல சேர்க்கட்டும். வெளக்கு எரியற கல்லை மட்டும் விட்டுடுங்க. செங்கம் பக்கத்து எடுத்தனூர்ல, எஜமான் செத்தப்புறமும் திருடங்களைக் கடிச்சு நின்ன கோவிவன்ங்கற நாயோட பேர், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துல வெட்டினது, இன்னிக்கும் படிக்கக் கிடைக்குது. 1400 வருஷம் மழையும் வெயிலும் அழிக்காததை, நம்ம ஒரு போட்டோவுக்காக அழிக்கணுமா?

அடுத்த தடவை அதே கோயிலுக்கு மாவு இல்லாம, ஒரு டார்ச்சும் கொஞ்சம் வெளக்கு எண்ணெயும் எடுத்துட்டுப் போனேன். எண்ணெய் பாட்டிக்கு. டார்ச்சைப் பிடிச்சு நின்னதும் பாட்டிதான்!